கடல்கட்டியும் ஓநாய் நோயும்

முத்துக்குளித்துறையிலே பழைய காலத்தில் கடல்கட்டி என்று ஓர் உத்தியோகம் இருந்தது. சிப்பியெடுக்க மூழ்குகிறவனைச் சுறாமீன் தீண்டாதபடி மந்திரத்தால் அதன் வாயைக் கட்டுவதே அந்த உத்தியோகஸ்தருடைய வேலை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் நமது கரையைப் பற்றியும் காயல் துறையைப் பற்றியும் எழுதிய மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகர யாத்திரிகர், இந்த மந்திரக்காரர்களைப் பிராமணரென்றே குறிப்பிட்டு, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலியாகப் போயிற்று என்கிறார். இன்னொரு வேடிக்கையும் சொல்லுகிறார். பகலில் கட்டிய மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். இரவில் திருட்டுத்தனமாய் எவனும் மூழ்கக்கூடாதல்லவா? பின்னால் இலங்கைக் கரையில் முத்துக்குளிப்பு நடத்திய இங்கிலீஷ் சர்க்காரும் இப்பேர்ப்பட்ட ஆளைச் சம்பளங்கொடுத்து வைத்திருந்தது. மந்திரக்காரன் இல்லாவிட்டால் மூழ்குகிறவன் படகிலிருந்து இறங்கமாட்டான் என்பதே காரணம்.

சுறா கடித்தது வெகு அபூர்வம். நூற்றுக்கணக்கான படகுகளும் ஆயிரக்கணக்கான மனிதர்களும் போடுகிற இரைச்சலில் அது தானே ஒதுங்கிப் போய்விடும். ஒதுங்கியது சுறா, பேர் வாங்கியது மந்திரம், பங்கு வாங்கியவன் மந்திரக்காரன்.

தூத்துக்குடிக் கரையில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961ஆம் வருஷம். அத்தோடு கடல்கட்டியின் உத்தியோகமும் போயிற்றென்று நினைப்பீர்கள். போகவில்லை, தோழர்களே! அது கடலைவிட்டுக் கரையேறி, வீட்டுக்குள் நுழைந்து, நோயாளிப் பெண்ணின் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று எழுதப் புகுந்தோம்.

காயல்பட்டினத்திலோ, ஆறுமுகநேரியிலோ, திருச்செந்தூரிலோ ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது இருபத்திரண்டு வயதுப் பெண். மூட்டுக்கு மூட்டு வலி. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. விட்டுவிட்டுக் காய்ச்சல், வாய்க்குள் புண், சீப்பு வைத்தால் கொத்துக் கொத்தாய் முடி. வெயிலில் போய்வந்தால் இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் படை. முஸ்லிம் வீடானால் உம்மா, "பிள்ளைக்குக் கண்ணூறு" என்று தண்ணீர் ஓதி வாங்கிவந்து, தாயத்துக் கட்டுகிறாள். இந்து வீடானால் செய்வினையென்றும் அம்மன் குற்றமென்றும் சொல்லித் திருச்செந்தூர் இலைவிபூதி. கிறிஸ்தவ வீடானால் உவரி அந்தோணியாருக்கு நேர்ச்சை. மதம் மூன்று, மடமை ஒன்று. இப்படியே ஒரு வருஷம் போகிறது. பிறகு கால் வீங்குகிறது, சிறுநீர் நுரைக்கிறது, மூச்சு வாங்குகிறது. அப்போதுதான் ஆஸ்பத்திரி. அங்கே வைத்தியர் பார்த்துச் சொல்லுவது, "சிறுநீரகம் கெட்டிருக்கிறது; ஏன் முன்னமே வரவில்லை?" என்பதுதான்.

இந்த வியாதிக்கு லூபஸ் என்று பெயர். லூபஸ் என்றால் லத்தீன் பாஷையில் ஓநாய். முகத்தில் வருகிற புண்ணைக் கண்டு, ஓநாய் கடித்தாற்போலிருக்கிறதென்று முற்கால ஐரோப்பிய வைத்தியர்கள் வைத்த பெயர். இது ஒட்டுவாரொட்டி வியாதியல்ல. நமது உடம்பில் கிருமிகளை எதிர்க்க ஒரு காவற்படை உண்டு. அந்தப் படை வழிதவறி, சொந்த உடம்பின் மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையும் அன்னியனென்று நினைத்துத் தாக்குவதே லூபஸ். ஊரைக் காக்க வைத்த காவல்காரன் ஊராரையே அடித்துக் கொள்ளையிடுவதைப் போன்றது. இந்நோய் கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பிள்ளைபெறும் வயதிலுள்ளவர்களே மிகுதி.

உடனே நமது வைதீகர், "பெண் ஜென்மமே பாவ ஜென்மம்" என்பார். பாவமுமில்லை, புண்ணியமுமில்லை. பெண்ணுக்கு எக்ஸ் என்னும் மரபிழை இரண்டு உண்டு, ஆணுக்கு ஒன்றே. காவற்படையை முடுக்கிவிடும் மரபணுக்கள் சில அந்த எக்ஸ் இழையில் இருக்கின்றன. அவற்றில் டி.எல்.ஆர்.7 என்பது ஒன்று. அந்த ஒரே மரபணுவில் ஏற்பட்ட ஒரே ஓர் எழுத்து மாற்றம் ஸ்பெயின் தேசத்துச் சிறுமி ஒருத்திக்கு லூபஸை உண்டாக்கியதென்று 2022இல் விஞ்ஞானிகள் கண்டு வெளியிட்டார்கள். பாவம் என்று சொன்னவன் ஆயிரம் வருஷத்தில் ஒரு பெண்ணையும் பிழைக்கவைக்கவில்லை. ஆராய்ந்து பார்த்தவன் காரணத்தைத் தொட்டுவிட்டான்.

இனித் தாயத்தின் இரகசியத்தைக் கேளுங்கள். லூபஸ் என்பது ஏறியிறங்கும் வியாதி. சில மாதம் உக்கிரமாயிருக்கும், பிறகு தானாகவே சற்று அடங்கும், மறுபடியும் கிளம்பும். உக்கிரமான காலத்தில்தானே ஜனங்கள் மந்திரக்காரனிடம் ஓடுகிறார்கள்? அவன் கயிறு கட்டுகிறான். நோய் தன் குணப்படி இறங்குகிறது. "பார்த்தீர்களா கயிற்றின் மகிமையை!" என்கிறான். மறுபடி ஏறினால், "தீட்டுப் பட்டுவிட்டது, வேறு கயிறு வேண்டும்" என்கிறான். இறங்கினாலும் அவனுக்குக் காசு. ஏறினாலும் அவனுக்குக் காசு. சுறா ஒதுங்கியதற்கு இருபதில் ஒரு பங்கு வாங்கினானே, அவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு வித்தியாசம் உண்டு. அவன் முத்தில் பங்கு வாங்கினான்; இவன் அந்தப் பெண்ணின் சிறுநீரகத்தில் பங்கு வாங்குகிறான். தாயத்துக் கட்டிய மாதங்களில் வெளியே நோய் அடங்கினாற்போலிருந்தாலும் உள்ளே சிறுநீரகம் கெட்டுக்கொண்டே போகக்கூடும்.

இந்த வியாதி எல்லா ஜனங்களுக்கும் ஒரே அளவாய் வருகிறதா? இல்லை. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் 1990களில் எடுத்த கணக்கில், வெள்ளைக்காரரைவிட இந்தியா, பாகிஸ்தான் முதலிய தேசங்களிலிருந்து குடியேறியவர்களுக்கு அதிகமாயும், ஆப்பிரிக்க வழிவந்த கரீபியருக்கு அதனினும் அதிகமாயும் காணப்பட்டது. அமெரிக்காவிலும் கறுப்பினப் பெண்களுக்கு வெள்ளைப் பெண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இதன் காரணத்தை மரபணுக்களில் தேடியபோது, இந்நோயோடு சம்பந்தப்பட்ட இடங்கள் நூற்றுக்கு மேல் இருப்பது தெரிந்தது. அவற்றில் அநேகம் சகல ஜனங்களுக்கும் பொது. சில மாத்திரம் ஜனத்துக்கு ஜனம் மாறுகின்றன. பி.டி.பி.என்.22 என்னும் மரபணுவில் ஐரோப்பியருக்கு ஆபத்தை ஏற்றும் ஒரு மாற்றம் சீனர், ஜப்பானியரிடம் ஏறக்குறைய இல்லவேயில்லை.

ஏன் இப்படி மாறுகிறது? கடவுள் ஒரு ஜாதியின் மேல் கோபங்கொண்டதாலா? கேளுங்கள். எஃப்.சி.ஜி.ஆர்.2பி என்னும் மரபணுவில் ஒரு மாற்றம் உண்டு. அது காவற்படையின் கடிவாளத்தைச் சற்றுத் தளர்த்திவிடும். கடிவாளம் தளர்ந்தால் படை மலேரியாக் கிருமியை வேகமாய்த் தாக்கும். ஆனால் சொந்த உடம்பைத் தாக்கவும் துணியும். மலேரியா தலைமுறை தலைமுறையாய் ஜனங்களைக் கொன்ற ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்காசியாவிலும் இம்மாற்றம் அதிகம், ஐரோப்பியரிடம் குறைவு. அபோல்1 என்பது இன்னொன்று. அதிலுள்ள சில மாற்றங்கள் மேற்கு ஆப்பிரிக்க வம்சத்தாரைத் தூக்கவியாதிக் கிருமியிலிருந்து காப்பாற்றின. அந்த மாற்றத்தை இரண்டு பெற்றோரிடமிருந்தும் பெற்றவருக்கு லூபஸ் வந்தால், சிறுநீரகம் சீக்கிரம் கெடுகிறது.

தமிழர் சங்கதி என்ன? புதுச்சேரி ஜிப்மர் வைத்தியர்கள் தென்னிந்தியத் தமிழர்களையே வைத்து ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிருமிகளை அடையாளங் கண்டு காவற்படைக்குச் சொல்லும் டி.எல்.ஆர்.2, டி.எல்.ஆர்.9 என்னும் மரபணுக்களின் மேல் இயற்கைத் தேர்வு செலுத்திய நெருக்குதல், தமிழருக்கு லூபஸ் வருவதைப் பாதித்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஆகவே நமது முன்னோர் எந்தெந்தக் கிருமிகளோடு போராடிப் பிழைத்தார்களோ, அந்தப் போராட்டத்தின் தழும்புதான் இன்று சிலருக்கு நோயாய்த் தலைகாட்டுகிறது. பாட்டனைக் காப்பாற்றிய ஆயுதம் பேத்தியின் கையைக் கீறுகிறது. இதில் கர்மம் எங்கே? சாபம் எங்கே?

இங்கே நாம் இரண்டு எச்சரிக்கை செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலாவது, மரபணுவை எவரும் புதிய ஜாதியாக்கிக்கொள்ள வேண்டாம். "எங்கள் இரத்தம் சுத்த இரத்தம்" என்று பேசுகிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். ஒருவர் ஆரிய இரத்தமென்பார். ஒருவர் அரபு இரத்தமென்பார். ஒருவர் ராஜ பரம்பரையென்பார். காயல் துறை எப்பேர்ப்பட்ட ஊர்? ஏடனிலிருந்தும் ஹோர்மூஸிலிருந்தும் கப்பல்கள் குதிரையோடு வந்திறங்கிய துறை. வந்தவரும் இருந்தவரும் கலந்து உண்டான ஜனம் இக்கரையில் வாழும் ஜனம். அந்தக் கலப்பு அவமானமல்ல. அதுவே உலகத்தின் நடைமுறை. விஞ்ஞானம் சொல்லுவது இதுதான்: ஐரோப்பியனுக்கு ஒரு பழுது, ஆப்பிரிக்கனுக்கு ஒரு பழுது, தமிழனுக்கு ஒரு பழுது. பழுதற்ற இரத்தம் எந்த வம்சத்துக்கும் இல்லை. பழுதேயான வம்சமும் இல்லை.

இரண்டாவது எச்சரிக்கை இதனினும் முக்கியம். மரபணுவை எவரும் புதிய தலையெழுத்தாக்கிக்கொள்ள வேண்டாம். இந்து "தலையெழுத்து" என்றான். முஸ்லிம் "நசீபு" என்றான். கிறிஸ்தவன் "தேவசித்தம்" என்றான். இப்போது இங்கிலீஷ் படித்தவன் "எல்லாம் ஜீன்" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்ளுகிறான். நான்கு பேரும் செய்கிற காரியம் ஒன்றே. அதாவது ஒன்றுஞ் செய்யாமலிருப்பது. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்றைச் சொல்லுகிறோம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் இருவருக்கும் மரபணு ஒன்றே. அவர்களில் ஒருத்திக்கு லூபஸ் வந்தால் மற்றவளுக்கும் வந்தே தீரவேண்டுமல்லவா? அப்படி வருவது நான்கில் ஏறக்குறைய ஒருத்திக்குத்தான். மற்ற மூவருக்கு வருவதில்லை. எழுத்து ஒன்று, விதி வேறானால், அதைத் தலையெழுத்தென்று சொல்லுவது எப்படிப் பொருந்தும்? வெயிலும், புகையிலைப் புகையும், சில தொற்றுகளும், உடம்பின் சுரப்புகளும் கூடித்தான் நோயை எழுப்புகின்றன. மரபணு வெடிமருந்து, நெருப்பு வேறெங்கிருந்தோ வரவேண்டும்.

இப்பொழுது மரபணுச் சோதனை என்று சொல்லி எச்சிலை வாங்கிக்கொண்டு எதிர்காலம் எழுதிக்கொடுக்கிற வியாபாரமும் கிளம்பியிருக்கிறது. இதைக் கலியாணப் பொருத்தத்துக்குக் கொண்டுபோனால் ஜாதகம் இங்கிலீஷ் சட்டை போட்டுக்கொண்டு வந்ததென்றுதான் அர்த்தம். பெரியவர்களுக்கு வருகிற சாதாரண லூபஸைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் நல்ல வைத்தியருடைய கண்ணும் போதும்.

பெண்ணுக்கு இந்த நோயிருப்பது தெரிந்தால் வீட்டார் முதலில் செய்வது மறைப்பதுதான். "வெளியே தெரிந்தால் தங்கச்சிக்கும் மாப்பிள்ளை வராது" என்கிறார்கள். மறைக்கவேண்டுமானால் மருந்தையும் மறைக்கவேண்டும். மருந்தை மறைத்தால் மருந்து நின்றுபோகும். மருந்து நின்றால் நோய் பாய்ந்துவரும். அதிலும் ஸ்டீராய்டு மருந்தைத் திடீரென்று நிறுத்துவது பிராணாபத்து. உண்மை என்ன? லூபஸ் உள்ள தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸ் வருவதில்லை. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்க, வைத்தியர் கண்காணிப்பில் கர்ப்பந்தரித்தால் அநேகம் பெண்கள் சுகமாய்ப் பிள்ளை பெறுகிறார்கள். இந்த உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, பொய்யின்மேல் கலியாணம் கட்டுவானேன்?

காயல்பட்டினத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. மணமான பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளை அங்கே வந்து வாழுவார். வேறு ஊர்களில் நோய்கண்ட மருமகளை மூட்டைகட்டித் திருப்பியனுப்புகிறார்களே, அந்தக் கொடுமைக்கு இங்கே இடம் குறைவு. பெற்ற தாயின் கண்ணெதிரிலேயே மகள் இருக்கிறாள். ஆனால் வீட்டு ஆண்மக்களில் அநேகர் பிழைப்புக்கு அரபு தேசத்திலும் ஹாங்காங்கிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். "வாப்பா வரட்டும், மாப்பிள்ளை வரட்டும், பிறகு வைத்தியரிடம் போகலாம்" என்று பெண்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கால் வீக்கம் கப்பல் வரும்வரை காத்திராது. தாயும் மகளும் தாங்களே புறப்பட்டுப் போகும் தைரியமும் சுதந்திரமும் வேண்டும். அதற்குப் பெயர்தான் சுயமரியாதை.

உறவுக் கலியாணத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். சாதாரண லூபஸ் உறவில் கட்டுவதால் மாத்திரம் வருவதல்ல; அப்படிச் சொல்லிப் பெற்றோரைக் குற்றவாளியாக்குவது தவறு. ஆனால் குழந்தைப் பருவத்திலேயே வருகிற அபூர்வமான லூபஸ் சில உண்டு. சி1க்யூ என்னும் புரதம் அறவே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு லூபஸ் வந்துவிடுகிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இக்குறை உண்டாகும். இருவருக்கும் பாட்டன் பாட்டி ஒருவரேயானால் அதற்கு வாய்ப்பு அதிகம். மாமன் மகளையோ அத்தை மகனையோ கட்டினால், பிறக்கும் பிள்ளைக்கு எந்த மரபணுவிலும் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. அக்காள் மகளைக் கட்டினால் எட்டில் ஒன்று. தமிழ்நாட்டில் நடக்கும் கலியாணங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 உறவுக்குள் நடப்பவையென்று 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கு கூறுகிறது. இஸ்லாம் அக்காள் மகளை விலக்கியிருக்கிறது. ஆனால் மச்சான் மச்சி கலியாணம் அங்கும் உண்டு.

உறவு இருக்கட்டும், ஜாதியைப் பாருங்கள். ஹைதராபாத்து விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து தெற்காசியாவிலுள்ள 260-க்கு மேற்பட்ட கூட்டங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். ஒருசில முன்னோரிடமிருந்தே பெருகி, உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டு வந்ததன் அடையாளம் 81 கூட்டங்களில் மிகப் பலமாய் இருந்ததாம். இப்படி அடைந்துகிடக்கும் கூட்டங்களில் அபூர்வ நோய்கள் தேங்கும் என்பது அவர்கள் கண்டது. "ஜாதியை ஒழி, கலந்து மணம் செய்" என்று சுயமரியாதை இயக்கம் மானத்துக்காகச் சொன்னது. இன்று விஞ்ஞானம் பிள்ளைகளின் உடம்புக்காகவும் அதையே சொல்லுகிறது.

இனிச் சர்க்காரைக் கேட்கவேண்டியதைக் கேட்போம். 1993இல் வெளிவந்த ஒரு கணக்கில், தில்லிக்கருகே கிராமங்களில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 3 பேருக்கே லூபஸ் இருந்ததாகக் காண்கிறது. பர்மிங்காமில் குடியேறிய நம்மவருக்கோ அதனினும் எத்தனையோ மடங்கு. கப்பலேறினால் மரபணு மாறிவிடுமா? இங்கே நோய் குறைவா, நோயைக் கண்டுபிடிப்பது குறைவா? நமது கறுத்த தோலில் அந்தப் படை புத்தகத்தில் போட்டிருக்கும் சிவப்பாய்த் தெரிவதில்லை. கருமையாயும் ஊதாவாயும் தெரியும். மரபணு ஆராய்ச்சியும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாரை வைத்தே நடந்திருக்கிறது. இந்தியர் 10,000 பேருடைய மரபணுத் தொகுதியை 2025 ஜனவரியில் இந்திய சர்க்கார் வெளியிட்டது நல்ல ஆரம்பம். சென்னை பொது மருத்துவமனையிலும், ஜிப்மரிலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இதற்கென்றே மூட்டுவாத நிபுணர்கள் உண்டு. முத்துக்கரைப் பெண் அத்தனை தூரம் போகாதபடி ஜில்லாதோறும் ஒரு நிபுணர் வேண்டும் என்பது நமது கோரிக்கை. "வெயிலில் நிற்காதே" என்று வைத்தியர் சொல்லுகிறார். உப்பளத்தில் நாள்கூலிக்கு நிற்கிற பெண் எங்கே போய் நிழல் தேடுவாள்? அவளுக்கு மாற்று வேலையும் மருந்தும் கொடுப்பது யார் பொறுப்பு?

1950களில் லூபஸ் கண்டவர்களில் பாதிப்பேர் நான்கைந்து வருஷத்துக்குள் மாண்டார்கள். இன்று ஒழுங்காய் வைத்தியம் கிடைக்கும் தேசங்களில் பத்துக்கு ஒன்பது பேர் பத்து வருஷமும் அதற்கு மேலும் வாழுகிறார்கள். மலேரியாவுக்குக் கொடுத்த மருந்து லூபஸையும் அடக்கும் என்று 1951இல் ஓர் இங்கிலீஷ் வைத்தியர் எழுதினார். அந்த இனத்தைச் சேர்ந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்னும் விலை மலிந்த மாத்திரையே இன்று இந்நோய்க்கு அடிப்படை மருந்து. கண்ணை மாத்திரம் வைத்தியர் சொல்லும் காலத்தில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மலேரியா நம் முன்னோர் உடம்பில் எழுதிய எழுத்தை மலேரியா மருந்தாலேயே நாம் திருத்துகிறோம். தலையெழுத்தைத் திருத்த முடியாதென்று சொன்னவன் எவன்?

ஆகவே தாய்மார்களே! மூட்டுவலியும் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் முடியுதிர்வும் சேர்ந்து வந்தால் ஓதுகிறவனையும் தேடவேண்டாம், ஊதுகிறவனையும் தேடவேண்டாம். முதல் மாதத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போய், சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பாருங்கள். அந்தச் சோதனைக்கு ஆகும் காசு ஒரு தாயத்தின் காசைவிடக் குறைவு. மருந்தைச் சூடு என்று சொல்லி நிறுத்தாதீர்கள். மகளின் நோயைக் குற்றம்போல் மறைக்காதீர்கள்.

கடல்கட்டியை நம்பி மூழ்கினவனைச் சுறாவின் பயம் காப்பாற்றியது. தாயத்தை நம்பிக் கிடக்கிற பெண்ணைக் காப்பாற்ற ஓநாய்க்கு அப்படிப் பயமில்லை. அதற்கு இரைச்சல் போடவேண்டியவர்கள் நாமே.